மண் தின்ற மாதங்கள்

கல்யாணமாகி விருத்தாசலத்துக்கு வந்த புதிதில், காலையில் கண் திறப்பதற்கு முன்பே யாரோ பக்கத்தில் பெருமூச்சு விடுவது கேட்கும். ஜன்னலுக்கு வெளியே கொட்டகையில் நின்ற வெள்ளைக் குதிரையின் மூச்சு அது. முதலில் பயந்தேன். பிறகு பழகிவிட்டது. அந்த மூச்சு கேட்டால்தான் எனக்குப் பொழுது விடியும் என்று ஆகிவிட்டது.

என் வீட்டுக்காரர் அந்தக் குதிரையைக் கல்யாண ஊர்வலங்களுக்கு விடுவார். மாப்பிள்ளை அழைப்பு, மஞ்சள் நீராட்டு, சர்ச் திருவிழா, எதற்குக் கூப்பிட்டாலும் போவார். கூப்பிடாத நாட்களில் லோடு ஆட்டோ ஓட்டினார். பீங்கான் பொம்மைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவது வேலை. வீட்டில் நாங்கள் இருவரும் மாமனாரும்தான். மாமியார் இறந்து பல வருஷமாகியிருந்தது. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் மாமா. தினமும் சர்ச்சில் விடியற்காலைப் பூசைக்குப் போய்வருவார். அவருக்குத் தெரிந்த அன்பு ஒன்றுதான்: யாருக்காவது எதையாவது தின்னக் கொடுப்பது. டீக்கடையில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவருக்கும் சேர்த்து வடை சொல்வார். எனக்குச் சோறு போட்டால், "போதும்" என்று நான் கையைக் குறுக்கே வைக்கிற வரைக்கும் நிறுத்தமாட்டார். குதிரைக்குக் கை வைத்துத் தடுக்கத் தெரியாது.

பகலில் நான் ஒரு பொம்மைப் பட்டறைக்கு வேலைக்குப் போனேன். வெள்ளைக் களிமண்ணைப் பால்போலக் கரைத்து அச்சில் ஊற்றுவார்கள். கொஞ்ச நேரம் கழித்து அச்சைப் பிரித்தால் உள்ளே ஒரு யானையோ மயிலோ ஈரமாக உட்கார்ந்திருக்கும். அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில் மெல்லிய கோடு விழுந்திருக்கும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, பலகையில் வரிசையாக வெயிலில் வைப்பது என் வேலை. கை வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், மனசு எங்கேயோ போய்விடும். முற்றம் முழுக்கச் சுடாத வெள்ளைப் பொம்மைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். மதியத்தில் அந்த வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் கூசி, பொம்மைகள் லேசாக அசைவதுபோல இருக்கும்.

ஆவணியில் எனக்கு நாள் தள்ளிப்போனது. சோறு வேண்டாம், குழம்பு வாசனை வேண்டாம், காப்பி வேண்டாம். ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. ஈரப் பஞ்சைப் பொம்மையின் மேல் வைத்ததும் எழும்பும் அந்த மண் வாசனை. ஒருநாள் ஒரு யானையின் தும்பிக்கை கையோடு வந்துவிட்டது. சுற்றிலும் பார்த்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. வாயில் போட்டுக்கொண்டேன். முதலில் நாக்கில் ஒட்டிக்கொண்டது. பிறகு எச்சில் ஊறி, மெல்ல மெல்லக் கரைந்து, குளிர்ச்சியாகத் தொண்டைக்குள் இறங்கியது. அதைப்போல ஒரு சுகத்தை அதற்கு முன் நான் எதிலும் கண்டதில்லை. அன்றிலிருந்து உடைந்த காது, உடைந்த வால், எது கிடைத்தாலும் முந்தானையில் முடிந்துகொள்வேன்.

குதிரையும் அப்போது சினையாக இருந்தது. சித்திரையில் என் வீட்டுக்காரர் திட்டக்குடிப் பக்கம் கூட்டிப்போய் ஒரு பழுப்பு ஆண்குதிரையோடு சேர்த்துவிட்டு வந்திருந்தார். சாயங்காலம் நான் வேலை முடித்து வந்ததும், கொட்டகையிலிருந்து கழுத்தை நீட்டும். உள்ளங்கையை நக்கும். முழங்கை வரைக்கும் நக்கும். புடவைத் தலைப்பைக்கூட விடாது. அதன் நாக்கு வெதுவெதுப்பாக, வழவழப்பாக இருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன்.

"உன்னியப் புடிச்சிப்போச்சும்மா அதுக்கு. என் கையக்கூட அது இப்படி நக்குனதில்ல" என்பார் மாமா.

நான் நம்பினேன். திட்டக்குடியை அடுத்த மங்களூர்ப் பக்கத்துக் கிராமத்தில் ஆறு பேர் இருந்த வீட்டிலிருந்து வந்தவள் நான். இந்த வீட்டில் பேச்சுத் துணைக்குப் பெண் யாரும் இல்லை. ஒரு பெண்குதிரைக்கு என்னைப் பிடித்துப்போயிற்று என்பது அந்த நாட்களில் எனக்குப் பெரிய விஷயம். கொட்டகையின் மண்சுவரிலும் அது அதேபோல நக்கி நக்கிக் குழி பறித்திருந்ததை நான் பார்த்தேன். ஆனால் அதையும் இதையும் சேர்த்து யோசிக்கவில்லை.

ஐப்பசி முகூர்த்தத்தில் ஒரு பெரிய கல்யாணம். ஊர்வலம் முடிந்து திரும்பும்போது, சமையல்காரர்கள் மீந்த சோற்றையும் கேசரியையும் ஒரு பெரிய வாளியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். "வாயும் வயிறுமா இருக்குது. ஆசையாத் தின்னட்டும்" என்று மாமா வாளியைக் கொண்டுபோய் அதன் முன் வைத்தார். குதிரை முகத்தை முழுசாக உள்ளே விட்டுத் தின்றது. மூக்கெல்லாம் கேசரி. மாமா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, குழந்தைக்கு ஊட்டியவர் முகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் துணி அலசிக்கொண்டிருந்தேன். தொப்பென்று சத்தம் கேட்டுத் திரும்பினால் குதிரை கீழே விழுந்து கிடக்கிறது. எழுந்தது. திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. காலால் தரையை உதைத்தது. மறுபடியும் படுத்துப் புரண்டது. வெள்ளை உடம்பெல்லாம் வேர்வையில் நனைந்து கறுத்துத் தெரிந்தது. என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மாவின் வீட்டுக்கு ஓடினார். மாமா கொட்டகை வாசலில் ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு "எழுந்திரு, எழுந்திரு" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதன் கண்ணில் என் முகம் சின்னதாகத் தெரிந்தது.

டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். வந்ததும் குதிரையின் வயிற்றில் காதுக்குழாயை வைத்துக் கேட்டார். மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வலிக்கு ஊசி போட்டார். மூக்கு வழியாக நீளக் குழாயை விட்டு எண்ணெய் மருந்து ஊற்றினார்.

"மெதுவா நடத்துங்க. புரள விடாதீங்க. நேத்து என்ன சாப்பிட்டுச்சு?"

மாமாதான் சொன்னார். "சோறுங்க. கொஞ்சம் கேசரி. கல்யாண வூட்டுச் சாப்பாடுதானுங்களே, நல்ல சாப்பாடுதான்."

"ஐயா, மனுஷனுக்குத்தான் அது நல்ல சாப்பாடு" என்றார் டாக்டரம்மா. கோபமே இல்லாமல் சொன்னார். "குதிரைக்கு உடம்பு பெருசு, இரைப்பை சின்னது. மாடு மாதிரி அசை போடாது. அதுக்கு வாந்தியும் வராது. உள்ள போனதுல கோளாறுன்னா வெளிய தள்ள அதுக்கு வழியே இல்ல. நாளெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா புல்லு கடிச்சிட்டு இருக்கணும். அப்படித்தான் அதப் படைச்சிருக்குது."

சாயங்காலம் வரைக்கும் நானும் என் வீட்டுக்காரரும் மாற்றி மாற்றி அதை வாசலில் நடத்தினோம். வெயில் சாயும் நேரத்தில் குதிரை வாலைத் தூக்கிச் சாணம் போட்டது. அதைப் பார்த்து மூன்று பேரும் சந்தோஷப்பட்டதைத் தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பப் பார்க்க வந்திருந்த டாக்டரம்மா கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். மண்சுவரில் இருந்த குழியைக் கண்டதும் அங்கேயே நின்றார். அந்த நேரம் பார்த்துக் குதிரை கழுத்தை நீட்டி என் கையை நக்க ஆரம்பித்தது.

"தினமும் இப்படி நக்குமா?"

"ஆமாங்க. என் மேல ரொம்பப் பாசமுங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "பாசம் இருக்கலாம்மா. ஆனா இது உப்புக்கு. அது உடம்புல உப்பு பத்தல, தாதுச் சத்து பத்தல. உங்க கையில வேர்வை இருக்குது, மண்ணு இருக்குது. அதான்." பேசிக்கொண்டே வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். என் உதட்டோரத்தில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு முன்பு குதிரையின் உதட்டைத் தூக்கிப் பார்த்தாரே, அதே விரலைக் கழுவித் துடைத்துவிட்டு, என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"எத்தனை மாசம்?"

"மூணு முடியப்போவுது."

"மண்ணு சாப்பிடுறீங்களா?"

மாமாவும் வீட்டுக்காரரும் என்னைப் பார்த்தார்கள். முந்தானை முடிச்சை நான் கையால் மூடிக்கொண்டேன். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

"இதுல அழ என்ன இருக்குது? நெறைய பேருக்கு வரும். ரத்தம் கம்மியா இருந்தா இப்படித் தோணும். நான் குதிரைக்குத்தான் டாக்டர். நாளைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போயி ரத்தம் பாருங்க" என்று என் தோளைத் தட்டினார்.

பார்த்தோம். ரத்தம் குறைவாகத்தான் இருந்தது. சத்து மாத்திரை கொடுத்தார்கள், பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், கீரையும் பேரீச்சம்பழமும் சாப்பிடச் சொன்னார்கள். குதிரைக்கு ஒரு பெரிய உப்புக்கட்டி வந்தது. தாது உப்புத் தூள் வந்தது. சோறு நின்றது. ஆற்றங்கரை அருகம்புல் அதற்கு முக்கியச் சாப்பாடு. கொள்ளுப் பயற்றை ஊறவைத்து வேகவைத்துக் கொஞ்சம். கோதுமைத் தவிடு கொஞ்சம். எப்போதும் வாளியில் சுத்தமான தண்ணீர். எதையும் திடீரென்று மாற்றக்கூடாது, நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மாற்ற வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

இன்னொன்றும் சொல்லியிருந்தார். "கடைசி மூணு மாசத்துலதான் வயித்துல குட்டி வேகமா வளரும். அப்பக் கொஞ்சம் குதிரைமசால் கெடச்சா நல்லது." மருந்துச் சீட்டோடு போன என் வீட்டுக்காரர் நேராக மளிகைக் கடைக்குப் போய்க் கேட்டிருக்கிறார். வெறுங்கையோடு, முகம் சிவந்து திரும்பி வந்தார்.

"என்னாச்சுங்க?"

"குதிர மசாலா இருக்குதான்னு கேட்டேன். மட்டன் மசாலா இருக்குது, சிக்கன் மசாலா இருக்குது, நீ என்னாத்தப்பா சமைக்கப்போறேன்னு கேக்குறான். கடையில அத்தினி பேரும் சிரிக்கிறாங்க."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த வீட்டில் நான் அப்படிச் சிரித்தது அதுதான் முதல்முறை. அவரும் என்னைப் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். போன் போட்டுக் கேட்டதில்தான் தெரிந்தது, அது ஒரு தீவனப் பயிர். டாக்டரம்மாவே எங்கிருந்தோ ஒரு பொட்டலம் விதை வாங்கிக் கொடுத்தார். துவைக்கிற கல்லுக்குப் பின்னால் இருந்த நீளத் துண்டு நிலத்தைக் கொத்தி விதைத்தோம். மார்கழிப் பனியில் அது முளைத்து நின்றது. மூன்று மூன்றாய்ச் சின்ன இலைகள். காலையில் ஒவ்வொரு இலையின் நுனியிலும் ஒரு சொட்டு நீர் நிற்கும். ஒன்றிரண்டு செடியில் ஊதா நிறத்தில் பூ வந்தது. நான் பல் விளக்கக்கூட மறந்து அங்கே நின்றுகொண்டிருப்பேன்.

இதற்கிடையில் மாமா குதிரையின் பக்கம் போவதையே விட்டிருந்தார். பூசைக்குப் போவார், வருவார், வாசலில் பேப்பரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பக்கம் புரளாது. எனக்குச் சோறு போடும்போதும் அரைக் கரண்டியோடு கையை நிறுத்திக்கொண்டார். ஒருநாள் அவராகவே சொன்னார்:

"கெடுதல் பண்ணணும்னு போட்டனா? புள்ளத்தாச்சி வயித்துக்கு வஞ்சன பண்ணக் கூடாதுன்னுதான் போட்டேன்."

"யாரும் அப்படி நெனைக்கல மாமா."

"நான் நெனைக்கிறேன்ல."

ரெண்டு நாள் யோசித்துவிட்டுக் கேட்டேன். "மாமா, வேர்க்கடலைக் கொடி காஞ்சது குதிரைக்கு நல்லதாம். நல்லூர்ல பெரியத்த வூட்டுல இருக்கும்ல? அவருக்கு வண்டி ஓட்டவே நேரம் பத்தல."

நல்லூரில் மாமாவின் அக்கா இருந்தார். மாமா பேப்பரை மடித்து வைத்தார். அன்றைக்கே கிளம்பிப் போய், சாயங்காலம் பஸ் கூரையில் இரண்டு பெரிய கட்டுகளோடு வந்து இறங்கினார். சட்டை முழுக்கத் தூசு.

"கண்டக்டரு ஏத்தமாட்டேன்னான். செனக் குதிரைக்குடா, அது இப்படி ஆயிருக்குது, டாக்டரம்மா இப்படிச் சொன்னாங்கன்னு எல்லாக் கதையும் சொன்னேன். குட்டி போட்டா வந்து பாக்குறேன்னு சொல்லி அவனே தூக்கிப் போட்டான்" என்றார்.

அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு கொடியையும் உதறித் தூசு போக்குவார். முகர்ந்து பார்ப்பார். பூசணம் பிடித்த வாசனை லேசாக வந்தாலும் எடுத்துத் தூர எறிந்துவிடுவார். தெருப் பிள்ளைகள் பிஸ்கட்டோடு வந்தால் "புல்லுக் குடுக்குறதுன்னா வாங்க, இல்லன்னா போங்க" என்பார். காலையில் அதன் விலாவில் விரலை ஓட்டி எலும்பு கைக்குத் தட்டுகிறதா, கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்ப்பார். கைக்குத் தட்டலாம், கண்ணுக்குத் தெரியக்கூடாது. அதுதான் அளவு.

உப்புக்கட்டி வந்த பிறகு குதிரை என்னை நக்குவதைக் குறைத்துக்கொண்டது. தை மாதத்தில் அறவே நின்றுவிட்டது. நான் பட்டறையிலிருந்து வந்து கையை நீட்டினால், ஒருமுறை மோந்துவிட்டுப் புல்லுக்குத் திரும்பிவிடும். அது குணமாகிவிட்டது என்றுதான் அர்த்தம். எனக்குத் தெரியும். ஆனாலும் கொஞ்ச நாள் மனசு கிடந்து தவித்தது. கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். "என்னாடி, உப்பு விக்க நிக்கிறியா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். அந்த மாதத்திலேயே ஒருநாள் பட்டறையில் ஒரு மயிலின் கொண்டை உடைந்தது. பழக்கத்தில் எடுத்து மூக்கருகே கொண்டுபோனேன். மண் வாசனைதான் வந்தது. வேறொன்றும் தோன்றவில்லை. உடைசலை ஊறவைக்கிற தொட்டியில் போட்டுவிட்டு அடுத்த மயிலை எடுத்தேன்.

மாசியில் தவக்காலம் தொடங்கியது. எனக்கு வளையல் போட்டு, அம்மா என்னைப் பிரசவத்துக்கு அழைத்துப்போக வந்தார்.

"குதிர குட்டி போடட்டும்மா. அப்புறம் வரேன்."

"ஊர்ல சிரிப்பாங்கடி. குதிரைக்கு மருத்துவம் பாக்க நீ என்னா அதுக்கு மாமியாரா?"

"இன்னும் கொஞ்ச நாளுதாம்மா. மடி இறங்கிடுச்சு."

அம்மாவும் கோபித்துக்கொண்டே எங்களோடு தங்கிவிட்டார். கோபம் சமையலில் தெரியும்; ரசத்தில் மிளகு கூடிக்கொண்டே போனது.

பங்குனியில் ஒரு விடியற்காலை. பூசைக்குக் கிளம்பிய மாமா கொட்டகைப் பக்கம் போனவர், "எம்மா! எல்லாரும் வாங்க!" என்று குரல் கொடுத்தார். கிழக்கே சாம்பல் வெளிச்சம் வந்திருந்தது. குதிரை வைக்கோலில் படுத்திருந்தது. வெள்ளைச் சவ்வுக்குள் இரண்டு சின்னக் குளம்புகள் வெளியே தெரிந்தன. டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுவிட்டு நாங்கள் தூரத்திலேயே நின்றோம். அவர் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூக்கு வந்தது, தோள் வந்தது, பிறகு ஒரே வழுக்கில் முழுக்குட்டியும் வந்துவிட்டது. கோயில் மணி அப்போதுதான் அடித்தது. மாமா அன்றைக்குப் பூசைக்குப் போகவில்லை.

குட்டி கறுப்பாக இருந்தது. சுத்தக் கறுப்பு இல்லை, புகை படிந்த பழுப்பு. பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். மாமாவுக்கே குழப்பம்.

"தாயி பால் மாதிரி இருக்குது. தகப்பனும் பழுப்புதான். இது இப்படிக் கறுத்து வந்திருக்குதே டாக்டரம்மா?"

"வெள்ளைக் குதிரையெல்லாம் பொறக்கும்போது இப்படித்தான்யா. உங்க குதிரையும் இப்படித்தான் பொறந்திருக்கும். தாயக் கொண்டிருந்தா வளர வளர வெளுக்கும்."

குட்டி நான்கு கால்களையும் நான்கு திசையில் விரித்து எழுந்தது, விழுந்தது. எழுந்தது, விழுந்தது. கடைசியில் நடுங்கிக்கொண்டே நின்று, தாயின் முழங்காலிலும் மார்பிலும் பால் தேடி, ஒருவழியாக மடியைக் கண்டுபிடித்தது. "அந்த மொதப் பாலு உள்ள போயிட்டாப் போதும். பாதிக் கவல தீந்துது" என்றார் டாக்டரம்மா. சப்புச் சப்பென்று சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் கொள்ளு வேகவைத்தது அம்மாதான். மறுவாரம் நான் அவரோடு ஊருக்குப் போனேன்.

ஊரிலிருக்கும்போது ஒருநாள் மாமா போனில் பதறினார். குட்டி தாயின் சாணத்தைத் தின்கிறதாம். தான் ஏதாவது தவறு செய்துவிட்டோமோ, எதையாவது கொடுக்காமல் விட்டோமோ என்று ஒரே புலம்பல். மாலையில் அவரே மறுபடி கூப்பிட்டார். "டாக்டரம்மா சொல்றாங்க, குட்டிங்க அப்படித்தான் திங்குமாம். அதுல இருந்துதான் வயித்துக்குப் புல்லு செரிக்கப் பழக்கம் வருமாம். கடவுளு எதெதுல என்னென்னாத்த வெச்சிருக்கான் பாரும்மா."

வைகாசியில் எனக்குப் பெண் பிறந்தாள். நல்ல எடை. அழுகை தெருமுனை வரை கேட்டது என்று அம்மா சொன்னார். ஆவணியில் அவளைத் தூக்கிக்கொண்டு விருத்தாசலத்துக்குத் திரும்பினேன். குட்டி என் இடுப்புக்கு மேல் வளர்ந்திருந்தது. தாய்க்கு வைத்த தவிட்டில் தானும் மூக்கை விட்டுத் தும்மிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் மழை முன்கூட்டியே பெய்திருந்தது. மணிமுத்தாற்றில் நடுவில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். இரண்டு பக்கமும் மணல்மேட்டில் பச்சைப் பசேலென்று புல். ஒரு மத்தியானம் குதிரையையும் குட்டியையும் அங்கே ஓட்டிக்கொண்டு போனோம். புங்கமர நிழலில் பழைய போர்வையை விரித்துக் குழந்தையைப் போட்டேன். என் வீட்டுக்காரர் தண்ணீர் எடுக்கப் போனார். மாமா கொஞ்ச தூரத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்தார். குட்டி எங்கள் அருகிலேயே வந்து கால்களை நீட்டி, கன்னத்தைத் தரையில் வைத்துத் தூங்கிவிட்டது. குழந்தையும் தூங்கினாள். தூரத்தில் ரயில் போகிற சத்தம் நீளமாகக் கேட்டது. யாரும் விழிக்கவில்லை. குதிரை புல்லைக் கடிக்கும் சத்தம் மட்டும், கறக் கறக்கென்று, மிகப் பக்கத்தில், அவசரமில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்திலேயே நானும் கண்ணசந்துபோனேன்.

விழித்தபோது நிழல் நகர்ந்திருந்தது. குதிரை எங்கள் தலைமாட்டில் நின்றபடி மென்றுகொண்டிருந்தது. எங்களைச் சுற்றிலும் புல்லையெல்லாம் ஒட்ட மேய்ந்திருந்தது. போர்வையின் ஓரத்திலும், தூங்குகிற குட்டியைச் சுற்றியும் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் புல் அப்படியே உயரமாக நின்று, காற்றில் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. குழந்தை விழித்துக்கொண்டு, அழாமல், அந்தப் புல் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.